பழைய கட்டளைகளுக்கு விடைகொடுக்கும் முறை

கோப்புகளுக்குள் சொல் தேடும் கட்டளையான க்னூ கிரெப்பின் 3.8 பதிப்பு வெளிவந்தது 2022 செப்டம்பரில். அதுவரை சத்தமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதன் பழைய வடிவங்களான ஈகிரெப், எஃப்கிரெப் இரண்டும் அந்தப் பதிப்பிலிருந்து ஓடும்போதெல்லாம் ஒரு வரி முணுமுணுக்கத் தொடங்கின: ஈகிரெப் வழக்கொழிந்து வருகிறது, கிரெப் -ஈ-ஐப் பயன்படுத்துகிறேன் என்று. இரண்டுமே குட்டி ஷெல் ஸ்கிரிப்ட்கள்தான், அதாவது கட்டளைகளை எழுதிவைத்த கோப்புகள். உள்ளே கிரெப்பை -ஈ அல்லது -எஃப் ஃபிளாகோடு (கட்டளையோடு சேர்க்கும் தெரிவு) கூப்பிடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை. 2007-இல் வந்த 2.5.3 பதிப்பிலேயே இவற்றைக் கைவிடப்போவதாகச் சொல்லியாயிற்று. 15 வருட அவகாசம்! அப்படியிருந்தும் அந்த ஒற்றை வரி வந்ததும் எங்கெங்கோ டெஸ்ட்கள் உடைந்தன, பில்டு லாக்குகள் எச்சரிக்கையால் நிரம்பின. சில லினக்ஸ் விநியோகங்கள் அந்த வரியை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு கிரெப்பை வெளியிட்டன.

15 வருடம் ஏன் போதவில்லை? அறிவிப்பு போய்ச் சேர்ந்தது மனிதர்களிடம். ஈகிரெப்பைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவை ஸ்கிரிப்ட்கள். ஒரு கட்டளைவரிக் கருவிக்கு இரண்டு விதமான வாடிக்கையாளர் உண்டு. ஒருவர் டெர்மினல் முன்னால் உட்கார்ந்து அடிப்பவர். எச்சரிக்கையைப் படிப்பார், திட்டுவார், மாற்றிக்கொள்வார். இன்னொன்று என்றைக்கோ யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன, குறித்த நேரத்தில் தானே ஓடும் க்ரான் வரி. அதற்குக் கண் கிடையாது. பழைய கட்டளையை நீக்கும் வேலையில் முக்கால் பங்கு இந்தக் கண்ணில்லாத வாடிக்கையாளரைத் தேடுவதிலும், அதற்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்வதிலும்தான் போகிறது. நிரலின் கோடை அழிப்பது அரை மணி நேர வேலை.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கருவியை வைத்துக்கொள்வோம். பெயர் படகு, வேலை பேக்கப் எடுப்பது. அதில் "படகு பட்டியல்-எல்லாம்" என்று ஒரு பழைய கட்டளை இருக்கிறது. அதை எடுத்துவிட்டு "படகு பட்டியல் --எல்லாம்" என்று கொண்டுவர வேண்டும்.

முதலில் எண்ணுங்கள்

எச்சரிக்கை போடுவதற்கு முன்பே, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் கருவி என்றால் இது சுலபம். பழைய கட்டளை கூப்பிடப்படும் ஒவ்வொரு முறையும் சிஸ்லாகில் (இயந்திரத்தின் பொதுப் பதிவேடு) ஒரு வரி எழுதவைக்கலாம். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் லாகர் கட்டளையே போதும். அந்த வரியில் கட்டளையின் பெயர், பயனர், இயந்திரத்தின் பெயர், கருவியின் பதிப்பு ஆகிய நான்கோடு ஐந்தாவதாகக் கூப்பிட்ட புரோசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பெயரும் இருக்க வேண்டும். ஐந்தாவது இல்லாவிட்டால் மற்ற நான்கும் பாதி வீண். லினக்ஸில் தாய் புரோசஸின் எண்ணை எடுத்து, /ப்ராக் அடியில் அந்த எண்ணுக்குரிய சிஎம்டிலைன் கோப்பைப் படித்தால், எந்த ஸ்கிரிப்ட் கூப்பிட்டது என்று கோப்புப் பாதையோடு கிடைத்துவிடும். அந்தக் கோப்பில் சொற்களுக்கு நடுவே இடைவெளி இருக்காது, நல் எழுத்துதான் இருக்கும். அதை இடைவெளியாக மாற்றிவிட்டு எழுதுங்கள். ஆர்குமென்ட்களை (கட்டளைக்குப் பின் வரும் சொற்கள்) அப்படியே பதிவு செய்யாதீர்கள், அவற்றில் பாஸ்வேர்டு இருக்கலாம்.

எவ்வளவு நாள் எண்ணுவது? ஒரு மாதம் எண்ணிவிட்டுப் பூஜ்யம் என்று நினைப்பவர்கள்தான் அடிவாங்குவார்கள். காலாண்டுக்கு ஒருமுறை ஓடும் வேலைகள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் 31 இரவு மட்டும் கண்விழிக்கும் ஸ்கிரிப்ட்களும் உண்டு. குறைந்தது 100 நாள். கணக்குத் துறை அந்தக் கருவியைத் தொடுகிறது என்றால் ஒரு முழு நிதியாண்டு.

கூடவே கோடு வைத்திருக்கும் கிடங்குகளான ரெப்போக்களிலும் தேட வேண்டும். வழக்கமாகத் தேடுவது ஸ்கிரிப்ட்களுக்குள். விட்டுப்போவது மேக்ஃபைல், டாக்கர்ஃபைல், சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானே ஓடும் சோதனை) யாமல் கோப்புகள், சிஸ்டம்டி யூனிட்கள், /ஈடிசி/க்ரான்.டி, கிட் ஹுக்குகள், அன்சிபிள் ரோல்கள், தனிநபர்களின் பாஷ்ஆர்சியில் இருக்கும் ஏலியாஸ்கள். கட்டளையின் பெயரை மாறியில் வைத்து "படகு $செயல்" என்று கூப்பிடும் இடங்கள் எந்தத் தேடலிலும் சிக்காது. அதனால்தான் ஓடும்போது பதிவு செய்வது அவசியம் என்கிறேன்.

திறந்தமூலக் கருவிகளுக்கு இந்த வசதி இல்லை. டெலிமெட்ரி (பயன்பாட்டு விவரத்தைத் தானே அனுப்புவது) வைத்தால் சண்டை வரும், வைக்காவிட்டால் எண் தெரியாது. ஆனால் எண் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஓர் உதாரணம். செட்-அவுட்புட், சேவ்-ஸ்டேட் என்ற இரண்டு வொர்க்ஃப்ளோ கட்டளைகளையும் கைவிடுவதாக 2022 அக்டோபரில் அறிவித்தார்கள். 2023 மே 31-இல் நிறுத்துவதாகத் திட்டம். பயன்பாட்டு அளவைப் பார்த்தார்கள், இன்னும் ஏகப்பட்ட பேர் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள், தள்ளிவைத்தார்கள். தேதியைத் தள்ளிவைப்பதில் அவமானம் எதுவும் இல்லை. எண்ணைப் பார்க்காமல் தேதியை அறிவித்ததுதான் தப்பு.

புதியது முதலில், எச்சரிக்கை பிறகு

வரிசை முக்கியம். படகின் 4.4 பதிப்பில் எச்சரிக்கை போடப்போகிறோம் என்றால், புதிய கட்டளை அதற்கு முன்பே, 4.2 போலொரு பதிப்பில், வந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வாழும் காலம் இல்லாவிட்டால், பழைய சர்வரிலும் புதிய சர்வரிலும் ஓடக்கூடிய ஒரே ஸ்கிரிப்டை யாராலும் எழுத முடியாது. லினக்ஸ் விநியோகங்களில் டெபியன் ஸ்டேபிள் ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது, உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸும் அப்படியே. கருவி விநியோகங்களின் வழியாகப் போய்ச் சேருகிறது என்றால், சேர்ந்து வாழும் காலம் அடுத்தடுத்த இரண்டு எல்டிஎஸ்களைத் தொட வேண்டும்.

கோ மொழி இதைச் சரியாகச் செய்தது. நிரல்களை நிறுவுவதற்கு "கோ கெட்" பயன்பட்டுவந்தது. 2021 பிப்ரவரியில் 1.16, "கோ இன்ஸ்டால்" கட்டளையோடு @ போட்டுப் பதிப்பைச் சொல்லும் வழியைக் கொண்டுவந்தது. 1.17 எச்சரித்தது. 2022 மார்ச்சில் 1.18 பழைய நடத்தையை எடுத்துவிட்டது. மூன்று பதிப்பு, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு அடி. நிரல்களை நிறுவும் கருவியான ஹோம்ப்ரூவில் "ப்ரூ காஸ்க்" கட்டளைகள் இதைவிட வேகமாகப் போயின: 2020 டிசம்பர் 1 அன்று வந்த 2.6.0-இல் எச்சரிக்கை, டிசம்பர் 21 அன்று 2.7.0-இல் முடக்கம். மூன்று வாரம். ஹோம்ப்ரூ தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் கருவி, பெரும்பாலும் மனிதர்கள் கையால் அடிப்பது, அதனால் தப்பித்தது. சர்வர்களில் உட்கார்ந்திருக்கும் கருவியில் இதைச் செய்தால் கதை வேறு.

எழுத்தில் ஒரு கொள்கை வேண்டும் என்றால், கன்டெய்னர்களை (நிரலை அதற்கு வேண்டியவற்றோடு அடைத்த பெட்டிகள்) நிர்வகிக்கும் குபர்நெட்டிஸின் விதியைப் பார்க்கலாம். நிலைபெற்ற கட்டளைவரி அம்சம் கைவிடப்பட்டதாக அறிவித்த பிறகு 12 மாதம் அல்லது 2 வெளியீடு, எது நீளமோ அதுவரை வேலை செய்ய வேண்டும். பீட்டா என்றால் 3 மாதம் அல்லது 1 வெளியீடு. ஆல்ஃபாவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பயன்படுத்தும்போது எச்சரிக்கை காட்டியே ஆக வேண்டும்.

பழைய பெயரைப் புதியதோடு இணைக்கும்போது, பழைய கட்டளையின் கோடை அப்படியே விட்டுவைக்கத் தோன்றும். வேண்டாம். இரண்டு கோடு பாதை இருந்தால் ஒன்றில் சரிசெய்த பிழை இன்னொன்றில் இருந்துகொண்டே இருக்கும். ஆர்குமென்ட்களைப் பிரிக்கும் இடத்திலேயே ஓர் அட்டவணை வையுங்கள்: இடப்பக்கம் பழைய வடிவம், வலப்பக்கம் புதிய வடிவம். பெரும்பாலோர் சறுக்குவது வலப்பக்கத்தில். "பட்டியல் --எல்லாம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பழைய கட்டளை பெயர் வரிசையில் காட்டியது, புதியது தேதி வரிசையில் காட்டுகிறது என்றால், அட்டவணையில் "பட்டியல் --எல்லாம் --வரிசை=பெயர்" என்று இருக்க வேண்டும். பழைய பெயரில் வருபவருக்குப் பழைய வெளியீடு ஒரு பைட் மாறாமல் கிடைக்க வேண்டும்.

பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் நடந்தது இதுதான். பைத்தானில் எழுதப்பட்ட, நடுவே ஹைஃபன் போட்ட பழைய "டாக்கர்-கம்போஸ்" போய், கோ மொழியில் எழுதப்பட்ட "டாக்கர் கம்போஸ்" வந்தது. 2023 ஜூலையோடு பழையதற்குப் புதுப்பிப்பு நின்றது. வெளிப்பார்வைக்கு ஒரு ஹைஃபன் இடைவெளியாக மாறியது, அவ்வளவுதான். ஆனால் கன்டெய்னர் பெயர்களும் மாறின: முன்பு "கடை_வெப்_1", இப்போது "கடை-வெப்-1". பெயரை நம்பி "டாக்கர் எக்ஸெக்" போட்ட ஸ்கிரிப்ட்கள் எல்லாம் விழுந்தன. அதற்காகவே --கம்பாட்டிபிலிட்டி என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது, பழைய அடிக்கோட்டுப் பெயர்களைத் திருப்பிக் கொடுக்கும். கட்டளையின் பெயரை மட்டும் தேடி மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் இந்த ஃபிளாகைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

எச்சரிக்கை வரியை எங்கே, எப்படி

எச்சரிக்கை ஸ்டேண்டர்ட் எரரில்தான் (பிழைச் செய்திகளுக்கான தனி வெளியீட்டு வழி) போக வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். ஸ்டேண்டர்ட் எரரில் போட்டாலும் உடையும் இடங்கள் நாலைந்து இருக்கின்றன, அவை எல்லோருக்கும் தெரிவதில்லை.

க்ரான் இரண்டு வெளியீட்டையும் சேர்த்து மெயில் அனுப்பும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை என்றால் நாளுக்கு 288 மெயில். டிசிஎல் மொழியின் எக்ஸெக், ஸ்டேண்டர்ட் எரரில் எது வந்தாலும் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். -இக்னோர்ஸ்டிடிஎர் என்று தனியாகச் சொல்ல வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல் 5.1-இல் எரர்ஆக்‌ஷன்பிரிஃபரன்ஸை ஸ்டாப் என்று வைத்து 2>&1 போட்டு இரண்டு வெளியீட்டையும் ஒன்றாக்கியிருந்தால், முதல் எச்சரிக்கை வரியிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். 2>&1 போட்டு வெளியீட்டை ஜேசன் தரவைப் படிக்கும் ஜேக்யூவுக்குத் தள்ளும் ஸ்கிரிப்டில் ஜேசனுக்கு முன்னால் உங்கள் எச்சரிக்கை போய் உட்காரும், பார்ஸ் எரர் வரும். அந்தப் பிழைச் செய்தியில் உங்கள் கருவியின் பெயர்கூட இருக்காது.

ஒரு கட்டளை எங்கே இருக்கிறது என்று காட்டும் விச் கட்டளைக்கு டெபியனில் நேர்ந்தது இதற்கு நல்ல சாட்சி. 2021-இல் டெபியன்யூட்டில்ஸ் தொகுப்பிலிருந்த விச், தன்னைக் கைவிட்டாயிற்று, ஸ்கிரிப்ட்களில் "கமாண்ட் -வி" பயன்படுத்துங்கள் என்று ஸ்டேண்டர்ட் எரரில் ஒரு வரி அச்சிடத் தொடங்கியது. அறிவுரை சரியானதுதான். ஆனால் எத்தனையோ தொகுப்புகளின் பில்டுகளும் டெஸ்ட்களும் விச்சை நம்பியிருந்தன. விவகாரம் டெபியனின் தொழில்நுட்பக் குழு வரைக்கும் போய், விச் எந்தக் கைவிடல் எச்சரிக்கையும் அச்சிடக் கூடாது என்று முடிவானது. என் கணிப்பில் அந்தக் குழு செய்தது சரி. எல்லா இயந்திரத்திலும் இருந்தே தீரும் ஒரு கட்டளையை நீக்குவதில் மிச்சமாவது சில கிலோபைட். அதற்காக ஊரையே எழுப்ப வேண்டியதில்லை.

அப்படியானால் வெளியீடு டெர்மினலுக்குப் போகாதபோது எச்சரிக்கையை அடக்கிவிடலாமா? அடக்கினால் ஒரு சிஐ லாகிலும் அந்த வரி வராது. நீக்குகிற நாளில்தான் எல்லோருக்கும் தெரியும். நான் பரிந்துரைப்பது: எப்போதும் ஸ்டேண்டர்ட் எரரில் காட்டுங்கள், ஒரு புரோசஸுக்கு ஒருமுறை மட்டும், ஒரே வரியில், வண்ணம் டெர்மினலில் மட்டும். கூடவே ஒரு சூழல் மாறி கொடுங்கள். "படகு_பழையது=அமைதி" என்று வைத்தால் எச்சரிக்கை வராது. "படகு_பழையது=பிழை" என்று வைத்தால் பழைய கட்டளை அங்கேயே தோற்றுவிடும். இரண்டாவது மதிப்புதான் பொக்கிஷம். ஒழுங்கான குழு தன் சிஐயில் அதை வைத்துவிட்டால், நீங்கள் நீக்குவதற்கு ஒரு வருடம் முன்பே எல்லா இடங்களையும் கண்டுபிடித்துவிடும்.

வாசகத்தில் நான்கு விஷயம் இருந்தால் போதும்: எது போகிறது, எந்தப் பதிப்பில், பதிலுக்கு என்ன, எப்படி அடக்குவது.

"எச்சரிக்கை: 'படகு பட்டியல்-எல்லாம்' 5.0-இல் நீக்கப்படும். பதிலாக: படகு பட்டியல் --எல்லாம் --வரிசை=பெயர். இந்த வரியை மறைக்க: படகு_பழையது=அமைதி"

பதில் கட்டளை அப்படியே காப்பி செய்து ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பயனர் கொடுத்த ஆர்குமென்ட்களையும் அதில் நிரப்பிக் கொடுத்தால் இன்னும் நல்லது. தேதி போடாதீர்கள், பதிப்பு எண்ணைப் போடுங்கள். தேதி பார்த்து நடத்தை மாறும் கோடு இன்னும் மோசம். கன்டெய்னருக்குள் பூட்டி வைத்த பழைய பதிப்பு ஒரு நள்ளிரவில் காரணமே இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யும்.

கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கருவியான கிட்டில், 2.0-க்கு முன் வந்த புஷ்.டிஃபால்ட் எச்சரிக்கையை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கிளைகளை அனுப்புவது என்று தீர்மானிக்கும் அந்த அமைப்பின் இயல்பு மதிப்பு மேட்சிங்கிலிருந்து சிம்பிளுக்கு மாறப்போகிறது என்று 1.8 வரிசையிலேயே சொல்ல ஆரம்பித்தார்கள். பழைய நடத்தை வேண்டுமானால் இந்தக் கட்டளை, புதியதை இப்போதே ஏற்கத் தயார் என்றால் இந்தக் கட்டளை என்று இரண்டையும் முழுதாக அச்சிட்டார்கள். இரண்டில் எதை ஓட்டினாலும் எச்சரிக்கை நின்றுவிடும். 2014 மேயில் 2.0 வந்தபோது விரும்பியவர்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

நூலகங்கள் கொடுக்கும் வசதிகளும் அவற்றின் பள்ளங்களும்

கோ மொழியில் கோப்ரா நூலகத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், கட்டளையின் டெப்ரிகேட்டட் புலத்தில் ஒரு வாசகம் எழுதினால் போதும். உதவிப் பட்டியலிலிருந்து கட்டளை மறையும், கூப்பிடும்போது வாசகம் வரும். ஆனால் அந்த வாசகம் எங்கே போகிறது என்று கவனியுங்கள். இயல்பாக ஸ்டேண்டர்ட் எரர்தான். நீங்கள் வேறு காரணத்துக்காக செட்அவுட் கூப்பிட்டு வெளியீட்டை ஸ்டேண்டர்ட் அவுட்புட்டுக்குத் திருப்பியிருந்தால், எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து போய்விடும். ஜேசன் வெளியீடு கெடும். டெஸ்ட் எழுதாமல் இது தெரியவராது.

பைத்தானில் கட்டளைவரியைப் பிரித்துப் படிக்கும் ஆர்க்பார்ஸுக்கு 3.13-இலிருந்து டெப்ரிகேட்டட் என்ற ஆர்குமென்ட் உண்டு, ஃபிளாகுக்கும் துணைக்கட்டளைக்கும் போடலாம். க்ளிக் என்ற இன்னொரு நூலகத்தில் கட்டளைகளுக்கு இது முன்பே இருந்தது. இவற்றை விட்டுவிட்டு வார்னிங்ஸ் மாட்யூலின் டெப்ரிகேஷன்வார்னிங்கைப் போடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது நிரலாளர்களுக்கான எச்சரிக்கை, மெயின் மாட்யூலில் நேரடியாக எழுந்தால் தவிர பைத்தான் அதைக் காட்டாது. உங்கள் கோடு ஒரு தொகுப்புக்குள் இருப்பதால் பயனர் எதையும் பார்க்க மாட்டார். ஃப்யூச்சர்வார்னிங் தெரியும். அதைவிட ஸ்டேண்டர்ட் எரரில் நேரடியாக ஒரு வரி எழுதிவிடுவது மேல்.

ஃபிளாகை நீக்குவதில் இன்னொரு பொறி. ஆர்க்பார்ஸும் க்னூ கெட்ஆப்ட்_லாங்கும் நீண்ட ஃபிளாகின் சுருக்கத்தை ஏற்றுக்கொள்ளும். உங்களிடம் --அவுட் என்றும் --அவுட்-டிர் என்றும் இரண்டு ஃபிளாக் இருக்கின்றன. --அவுட்டை நீக்கிவிட்டீர்கள். இப்போது பழைய ஸ்கிரிப்டில் இருக்கும் --அவுட், பிழை எதுவும் காட்டாமல் --அவுட்-டிர் என்றே புரிந்துகொள்ளப்படும். கோப்பின் பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். ஆர்க்பார்ஸில் அலவ்_அப்ரிவ்=ஃபால்ஸ் வைக்கலாம்; இல்லையென்றால் நீக்கிய ஃபிளாகை ஒரு பிழைக் கண்ணியாகப் பதிவிலேயே வைத்திருங்கள்.

ஏற்றுக்கொள்ளப்படும், ஆனால் எதுவும் செய்யாத ஃபிளாகையும் எனக்குப் பிடிக்காது. குபர்நெட்டிஸ் 1.18 வந்தபோது "க்யூப்சிடிஎல் ரன்" டிப்ளாய்மென்ட் உருவாக்குவதை நிறுத்தி பாட் மட்டும் உருவாக்கத் தொடங்கியது. எத்தனை நகல் என்று சொல்லும் --ரெப்ளிக்காஸ் ஃபிளாக் மட்டும் இருந்தது, இதனால் பயன் இல்லை என்று ஓர் எச்சரிக்கையோடு. மூன்று கேட்ட ஸ்கிரிப்டுக்கு ஒன்று கிடைத்தது, எக்ஸிட் கோடு (முடிவைச் சொல்லும் எண்) 0, அதாவது வெற்றி. எப்போதும் இணையாகவே ஓடும் கருவியில் --இணையாக ஃபிளாகைச் சும்மா ஏற்பது சரி, கேட்டது நடக்கிறது. கேட்டது நடக்கவில்லை என்றால் தோற்க வேண்டும்.

நீக்குவதற்கு முன் ஒரு சுவர்

எச்சரிக்கைக்கும் முழு நீக்கத்துக்கும் நடுவே ஒரு பதிப்பாவது "வேலை செய்யாது, ஆனால் ஏன் என்று சொல்லும்" நிலை வேண்டும். கிட் இதை அழகாகச் செய்கிறது. "கிட் வாட்சேஞ்ச்டு" பல காலமாக ஏறக்குறைய "கிட் லாக் --ரா" செய்வதைத்தான் செய்துவந்தது. 2025 ஆகஸ்டில் வந்த 2.51-இல் அதை ஓட்டினால், நீக்கப்படவிருக்கிறது, இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் --ஐ-ஸ்டில்-யூஸ்-திஸ் என்று சேர்த்து ஓட்டுங்கள், எங்கள் அஞ்சல் பட்டியலுக்கும் எழுதுங்கள் என்று சொல்லி நின்றுவிடுகிறது. "பேக்-ரிடண்டன்ட்" கட்டளைக்கு முன்பே இதே வைத்தியம். அவசரத்தில் இருப்பவர் ஃபிளாகைச் சேர்த்துப் பிழைத்துக்கொள்வார். டெலிமெட்ரி இல்லாத திட்டத்துக்குப் பயனர் இருக்கிறாரா என்ற செய்தியும் கிடைத்துவிடும். "கிட் ஃபில்டர்-பிராஞ்ச்" வேறு வழியில் போகிறது: நீண்ட எச்சரிக்கை காட்டி, ஃபில்டர்-ரெப்போவைப் பரிந்துரைத்து, சில நொடி தூங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். கண்ட்ரோல்-சி அடிக்க நேரம் கொடுக்கிறது. அடிக்கடி ஓடாத, ஆனால் ஆபத்தான கட்டளைக்கு இது பொருந்தும். லூப்பில் ஓடும் கட்டளைக்கு ஆகாது.

சுவர் எந்த எக்ஸிட் கோடைத் தர வேண்டும் என்பதில் கவனம் தேவை. 1 தரவே கூடாது. காரணம் இதுதான். "படகு உண்டா கோப்பு" என்ற கட்டளை இருந்தால் 0, இல்லாவிட்டால் 1 தருகிறது என்று வையுங்கள். ஸ்கிரிப்டில் "உண்டா என்று பார், இல்லையென்றால் புதிதாக ஏற்று" என்று எழுதியிருக்கும். "உண்டா" கட்டளையை நீக்கி 1 தந்தால் ஸ்கிரிப்ட் அதைப் பிழையாகவே பார்க்காது. எல்லாக் கோப்பும் இல்லை என்று முடிவு கட்டி எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும். டிஸ்க் நிறைந்த பிறகுதான் தெரியும். எழுத்துப்பிழையான கட்டளைக்கு உங்கள் கருவி என்ன தருகிறதோ அதிலிருந்தும் இது வேறாக இருந்தால் லாகில் பிரித்துப் பார்க்கலாம். பிஎஸ்டி சிஸ்எக்ஸிட்ஸில் தவறான பயன்பாட்டுக்கு 64 என்று ஓர் எண் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளலாம். எச்சரிக்கைக் காலத்தில் மட்டும் எக்ஸிட் கோடு பழையபடியே இருக்க வேண்டும்.

"2>/டெவ்/நல் || ட்ரூ" என்று முடியும் வரிகளை எந்தச் சுவரும் காப்பாற்றாது. எச்சரிக்கை குப்பைக்குப் போகும், தோல்வி வெற்றியாகும், பேக்கப் எடுக்கப்படாமலே மாதங்கள் ஓடும். அவற்றைப் பிடிக்க முதலில் சொன்ன சிஸ்லாக் எண்ணிக்கை ஒன்றுதான் வழி. அதனால் எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொடாமல் இந்தக் கட்டளையை நீக்காதீர்கள் என்று அடம்பிடிப்பேன், மற்றவற்றில் விட்டுக்கொடுத்தாலும்.

பெயரை நெட்வொர்க்குக்கு அந்தப்புறம் யாராவது கூப்பிடுகிறார்களா என்றும் பாருங்கள். 2008 ஆகஸ்டில் கிட் 1.6.0, ஹைஃபன் போட்ட "கிட்-கமிட்", "கிட்-லாக்" வகையறாக்களை பாத்திலிருந்து (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) எடுத்துத் தனி ஃபோல்டருக்கு மாற்றியது. ஆனால் கிட்-அப்லோட்-பேக், கிட்-ரிசீவ்-பேக் முதலிய சிலவற்றை மட்டும் விட்டுவைத்தார்கள். எஸ்எஸ்ஹெச் (தொலை இணைப்பு) வழியாக வரும் கிளையன்ட் அந்தப் பெயரையே நேரடியாகக் கூப்பிடும். அதை எடுத்தால் உலகத்தில் உள்ள பழைய கிளையன்ட் எல்லாம் தொங்கும். மற்றவற்றை நம்பியிருந்தவர்களுக்கு, "கிட் --எக்ஸெக்-பாத்" காட்டும் ஃபோல்டரை பாத்தின் முன்னால் சேர்த்துக்கொள்ளும் வழியும் சொல்லியிருந்தார்கள். அப்படியும் கூச்சல் குறையவில்லை.

சில நேரம் இந்தப் பொறுமையெல்லாம் பொருந்தாது. அமேசானின் "ஈசிஆர் கெட்-லாகின்" கட்டளை, பாஸ்வேர்டை -பி ஃபிளாகில் வைத்து ஒரு டாக்கர் லாகின் வரியை அச்சிடும். அதை ஓட்டினால் புரோசஸ் பட்டியலில் பாஸ்வேர்டு தெரியும். அமேசானின் கட்டளைவரிக் கருவியான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ 2-ஆம் பதிப்பில் அது இல்லவே இல்லை, கெட்-லாகின்-பாஸ்வேர்டு மட்டும்தான். பாதுகாப்புக் காரணம் என்றால் நேராகச் சுவருக்குப் போகலாம். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டே போங்கள், "நவீனப்படுத்தல்" என்று மழுப்ப வேண்டாம்.

இந்தத் தலைவலியைப் பிறக்கும்போதே குறைக்க ஒரு வழி, எதை ஸ்கிரிப்டில் நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவது. டெபியனில் தொகுப்புகளை நிறுவும் ஆப்ட் இதைச் செய்கிறது: வெளியீடு டெர்மினலுக்குப் போகவில்லை என்றால், ஆப்ட்டின் கட்டளைவரி நிலையானது அல்ல, ஸ்கிரிப்டில் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கும். ஸ்கிரிப்டுக்கு ஆப்ட்-கெட் இருக்கிறது. கிட்டில் "ஸ்டேட்டஸ் --போர்சலின்" அதே எண்ணம்.

நீக்கும் நாள்

5.0 வந்துவிட்டது, எண்ணிக்கை பூஜ்யம். டேப் கம்ப்ளீஷனிலிருந்தும் உதவிப் பட்டியலிலிருந்தும் பெயரை எச்சரிக்கைக் காலத்தின் முதல் நாளே எடுத்திருக்க வேண்டும்; எடுக்காவிட்டால் புதிதாக வருபவர்கள் டேப் அடித்துப் பழைய கட்டளையைக் கற்றுக்கொள்வார்கள். ஆனால் ஆவணத்தில் பழைய பெயருக்கான பக்கத்தை அழிக்காதீர்கள். உடைந்த ஸ்கிரிப்டை வைத்துக்கொண்டு ஒருவர் தேடப்போவது பழைய பெயரைத்தான். "5.0-இல் நீக்கப்பட்டது, பதிலாக இது" என்று இரண்டு வரி மேன் பக்கம் இருந்தால் போதும்.

சுவருக்கான டெஸ்ட் மூன்றைச் சரிபார்க்க வேண்டும்: ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் பூஜ்ய பைட், ஸ்டேண்டர்ட் எரரில் ஒரே வரி, எக்ஸிட் கோடு 64. சுவரையும் ஒருநாள் எடுக்கும்போது அட்டவணை வரி, டெஸ்ட், மொழிபெயர்ப்புக் கோப்புகளில் கிடக்கும் வாசகம் மூன்றும் ஒரே கமிட்டில் போகட்டும்.

பெயரை மட்டும் விடாதீர்கள். நீக்கிய பெயர்களுக்கு ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒன்று வைத்து, புதிய கட்டளைக்கு அந்தப் பெயரைச் சூட்ட முயன்றால் பில்டே தோற்கும்படி செய்யுங்கள். கிட், க்யூப்சிடிஎல் போல பாத்தில் கிடக்கும் "படகு-ஏதோ" என்ற நிரலைத் துணைக்கட்டளையாக எடுத்துக்கொள்ளும் கருவி என்றால் இது இன்னும் அவசியம்: உள்ளிருக்கும் கட்டளை போன மறுநிமிடம், பாத்தில் அதே பெயரில் யார் எதை வைத்திருந்தாலும் அது ஓடும். இதே கதவை நல்லதுக்கும் திறக்கலாம். க்யூப்சிடிஎல்லிலிருந்து கன்வெர்ட்டை எடுத்தபோது, அதைத் தனி ப்ளகினாக வெளியிட்டார்கள். தேவைப்பட்டவர்கள் நிறுவிக்கொண்டு அதே பெயரில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.